மலைக்குப் புத்தகங்களோடு குடிவருகிறவர்களுக்கு

நீலகிரிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு, தண்ணீர் வரும் நாள் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். புத்தகங்களைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. லாரியிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டிகளை ஒரு மூலையில் அடுக்கி, அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஜூனில் மழை பிடித்துக்கொள்கிறது. ஆகஸ்டில் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது பூசண வாடை.

சமவெளியில் புத்தகத்துக்கு எதிரி தூசியும் வெயிலும் கரையானும். இங்கே ஈரம். ஆனால் வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரே அறைக்குள் உட்காரவைத்துப் படிக்க வைப்பதும் அந்த ஈரமும் மூடுபனியும்தான். அதே அறைக்குள் படம் எடுக்க இதமான வெளிச்சத்தைத் தருவதும் அவைதான். அதனால் வாசிப்பு, குடும்பம், புகைப்படம் மூன்றையும் இங்கே தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு மூலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மூன்றும் அங்கேயே நடக்கும். நான் குன்னூர்வாசி. இங்கே சொல்வதில் பெரும்பகுதி கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் ஊரின் மழையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீலகிரி என்று ஒரே பெயரில் சொன்னாலும் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் எங்களுக்குக் கனமழை. கொடைக்கானலிலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழைக்குப் பிறகு உறைபனிக் காலமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாக எல்லா இடத்திலும் காய்ந்த மாதங்கள். புத்தகங்களை வெளியே எடுத்துத் துடைப்பது, அலமாரியை இடம் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள்

அலமாரி எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மழைக்காற்றைப் பார்த்து நிற்கும் வெளிச்சுவர் ஜில்லென்று இருக்கும். இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் அவ்வளவு குளிராது. அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த இடத்தைத் தேடிப் படியும். வெளிச்சுவரை ஒட்டி வைத்த அலமாரியில் பின்வரிசைப் புத்தகங்கள் முதலில் பூசணம் பிடிப்பது இதனால்தான். இங்கே பல வீடுகளைச் சரிவை வெட்டிக் கட்டியிருப்பார்கள். பின்சுவர் பாதி உயரத்துக்கு மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்தச் சுவரில் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு புத்தகம்கூட வைக்க வேண்டாம்.

உட்சுவரிலும் அலமாரியை ஒட்டி வைக்காமல் மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள். ஒன்றை உருவும்போது பக்கத்துப் புத்தகம் கூடவே வராத அளவுக்குத் தளர்வாக இருந்தால் காற்று போகும். சுவரிலேயே கட்டிய சிமென்ட் அலமாரி வெளிச்சுவரில் இருந்தால் பாத்திரங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்டீல் பீரோ எலிக்கும் தூசிக்கும் பாதுகாப்புதான், ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. வெயில் அடிக்கும் மதியங்களில் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் இருப்பவர்கள் மட்டும் பீரோவில் வையுங்கள். பரண் எனக்குச் சம்மதமே இல்லை. கண்ணில் படாத புத்தகத்தை யாரும் எடுப்பதில்லை. எடுக்காத புத்தகத்தில்தான் பூசணம் நிம்மதியாக வளரும்.

அட்டைப்பெட்டிகளைப் பிரித்ததும் வெளியேற்றிவிடுங்கள். அந்த அட்டை ஈரத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புதுப் புத்தகத்தின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிடுங்கள். பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போடுவதென்றால் பழுப்புத் தாள் போதும். வழவழப்பான தாளில் அச்சிட்ட படப் புத்தகங்கள், புகைப்படத் தொகுப்புகள் மேல்தட்டுக்குப் போகட்டும். அந்தத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

ஒரு ஈரமானி வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் பணம் செலவு செய்யச் சொல்லும் இடங்கள் குறைவு. இது அதில் ஒன்று. சில நூறு ரூபாய்க்கு எண் காட்டும் சின்ன ஈரமானி கிடைக்கிறது. அதை அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரப்போகிறது என்று பொருள். மழைக்காலத்தில் இங்கே 80, 90 என்று காட்டுவது சாதாரணம். பயப்பட வேண்டாம், ஆனால் அன்றைக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அந்த எண் சொல்லிவிடும்.

எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். மூடுபனி இறங்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று திறந்தால் அந்தப் பனி முழுவதும் உள்ளே வந்து தாளில் உட்காரும். பதினொரு மணிக்கு மேல் வெயில் தலை காட்டினால் இரண்டு மணி வரை திறந்து வைத்து, மறுபடி மூடிவிடுங்கள். துவைத்த துணியை அலமாரி இருக்கும் அறையில் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். ஒரு குடும்பத்தின் ஈரத்துணியில் உள்ள தண்ணீர் அத்தனையும் காற்றில்தான் போய்ச் சேரும்.

அறையைச் சூடாக்க மின்சார ஹீட்டர் நல்லது. கேஸில் எரியும் ஹீட்டர் எரியும்போதே நீராவியையும் வெளியே விடும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மலைக் குளிருக்குப் பயந்து இரவில் கரி மூட்டிப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

பூசணம் வந்துவிட்டால்

வரும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஒரு ஆடியில் வரும். அட்டையில் வெள்ளையாகவோ சாம்பல் பச்சையாகவோ மாவு தூவியது போலத் தெரிந்தால், அந்தப் புத்தகத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து எடுங்கள். ஈரத்துணியால் துடைக்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள், பூசணம் அட்டைக்குள் இன்னும் ஆழமாக ஏறிவிடும். முதலில் காயவிடுங்கள். திண்ணையில் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், புத்தகத்தை நிற்கவைத்துப் பக்கங்களை விசிறி போல விரித்துவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம். மலை வெயில் சுள்ளென்று அடித்து அட்டையை வளைத்துவிடும். பூசணம் உலர்ந்து தூளானதும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய தூரிகையால் புத்தகத்தின் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

பள்ளி விட்டு வரும்போது மழையில் நனைந்த பை இன்னொரு பிரச்சினை. பாடப்புத்தகத்தைவிட, பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த கதைப்புத்தகம் நனைந்துவிட்டதே என்றுதான் பிள்ளை அழும். திட்டாமல் உட்கார்ந்து, பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு ஒரு வெள்ளைத் தாளைச் செருகச் சொல்லுங்கள். தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும். செய்தித்தாளின் மை ஒட்டலாம் என்பதால் வெள்ளைத் தாள். மறுநாள் லேசாகக் காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே கனமாக ஏதாவது ஏற்றுங்கள். பிள்ளையையே செய்ய விடுங்கள். தன் கையால் காப்பாற்றிய புத்தகத்தை அது மறப்பதில்லை.

பூச்சிக்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாவற்றையும் இடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்து, மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டித் தட்டுக்கு ஒன்று வையுங்கள். தஞ்சாவூர் சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு நடுவில் வைத்தது இதைத்தான். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி அண்டாது. வாசம் போனதும் மாற்றுங்கள். இது பூச்சிக்கு மட்டும், பூசணத்தைத் தடுக்காது. கடைக்குக் கடை விற்கும் நீலகிரித் தைலத்தை அட்டையில் தடவாதீர்கள். எண்ணெய்க் கறை போகவே போகாது.

இன்னொன்று, வர்க்கி, இந்த மலையில் கிடைக்கும் அடுக்கு அடுக்கான மொறுமொறு பிஸ்கட். குளிரில் சூடான டீயும் வர்க்கியும் கையில் புத்தகமும் இருந்தால் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அது பிடித்த வேளைதான். ஆனால் வர்க்கியின் அடுக்கு உதிர்ந்து, நெய்ப்பிசுக்குள்ள பொடி தையலின் மடிப்பில் போய்த் தங்கும். எறும்பும் பூச்சியும் அங்கிருந்துதான் தொடங்கும். தின்று முடித்துக் கை கழுவிவிட்டு எடுங்கள்.

படிப்பதற்கு எங்கே போவது

வந்த முதல் மாதமே நூலகத்தில் சேர்ந்துவிடுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது. உதகையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்களின் கிளை நூலகங்களில் முகவரிச் சான்றும் சிறு வைப்புத் தொகையும் கொடுத்தால் உறுப்பினராகலாம். விடுமுறை நாளை முதல் தடவையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழையில் இறங்கி ஏறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பது வருத்தம் தரும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் உதகையில் உள்ள நீலகிரி நூலகத்தையும் விசாரிக்கலாம். 1859-ல் தொடங்கிய அது சந்தா கட்டிச் சேர வேண்டிய நூலகம். சென்னை செனட் ஹவுஸை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் அந்தக் கட்டடத்தையும் வடிவமைத்தார். புத்தகம் வாங்க எப்படியும் மாதம் ஒருமுறை கீழே இறங்க வேண்டியிருக்கும். கோயம்புத்தூர் போகிற வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து படிப்பது

சமவெளியில் மாலை நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். இங்கே ஆறு மணிக்கு மேல் குளிர் வெளியே விடாது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் மின்சாரமும் போய்விடும். வீட்டிலேயே சூடான இடம் சமையலறை. நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை, அந்தச் சமையலறைக்குப் பக்கத்திலோ, அதை ஒட்டிய ஜன்னலிலோ உங்கள் வாசிப்பு மூலையை வையுங்கள். ஒரு பெஞ்சு, இரண்டு கம்பளி, இடது தோளுக்குப் பின்னாலிருந்து விழும் மஞ்சள் எல்இடி விளக்கு, சார்ஜ் போட்ட எமர்ஜென்சி விளக்கு. இது போதும். தனியாக வாசிப்பறை அமைத்தவர்கள் குளிருக்குப் பயந்து அதில் உட்காருவதே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். தினமும் ஒரே ஆள் வேண்டாம். பிள்ளை தடுக்கித் தடுக்கிப் படித்தாலும் நடுவில் திருத்தாதீர்கள். கதை ஓடட்டும். எங்கள் வீட்டில் என் மாமியாருக்குக் கண் சரியில்லை, பெரிய எழுத்துகூடத் தெரியாது. மகள் படிக்க அவர் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பார். அத்தியாயம் முடிந்து இவள் மூடினால், "ஏன் கண்ணு, அந்தப் புள்ள வீடு போய்ச் சேர்ந்துச்சா இல்லையா?" என்பார். "நாளைக்கு, அப்பத்தா." "நாளைக்கெல்லாம் முடியாது, படி." இப்படிப் பல நாள் இரண்டு அத்தியாயம் ஓடியிருக்கிறது. வீட்டில் படிக்காத பெரியவர் இருந்தால் அவரை மூலையில் விடாதீர்கள். வாசிப்புக்கு அவரைப் போல ஒரு துணை கிடைக்காது.

புத்தகம் முடிந்ததும் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் தேதியும் யார் படித்தார்கள் என்பதும் எழுதி வையுங்கள். நூலகப் புத்தகம் என்றால் தனி நோட்டில்.

அந்த மூலையைப் படம் எடுப்பது

உதகையில் புகைப்படத்துக்குப் பழைய வேர் உண்டு. 1960-ல் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. குளிரும் தூசியில்லாத காற்றும் பிலிம் தயாரிக்க ஏற்றவை. உங்கள் தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் சில அந்த 'இந்து' பிலிமில் எடுத்தவையாக இருக்கலாம். தொழிற்சாலை மூடிவிட்டது. வெளிச்சம் அப்படியே இருக்கிறது.

மூடுபனி நாளில் ஜன்னலுக்கு வெளியே வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் திரை. நிழல்கள் கடுமையாக விழாது. படிக்கிறவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். நீங்கள் ஜன்னலை ஒட்டி நின்று எடுங்கள். வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வரும். இப்போது படிக்கிற முகத்தின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். விரித்த வெள்ளைப் பக்கத்தில் பட்ட வெளிச்சம் திரும்பி மேலே போய், மோவாயிலும் மூக்கின் அடியிலும் மெல்லிசாக விழும். பக்கம் திரும்பும் நொடியில் அந்த வெளிச்சம் அசைந்து கன்னத்துக்கு ஏறும். அந்த நொடிக்குக் காத்திருங்கள். படிக்கிறவரை நிமிரச் சொன்னால் அது போய்விடும்.

கேமராவின் கணக்கு வெள்ளைப் பக்கத்தையும் பனியையும் பார்த்து ஏமாறும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும், முகம் இருண்டுபோகும். செல்போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். குழந்தைகள் அசைவதால் ஷட்டர் வேகம் 1/125-க்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்க உதவும் அளவு, 1600 வரை ஏறினாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாக வந்த படம் இருந்துவிட்டுப் போகட்டும், ஆடிப்போன படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிளாஷ் வேண்டாம்.

முகம் மட்டும் போதாது. பூண்டு உரித்த விரல், கம்பளிக்குள் மறைந்த கால், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி தூங்கிப்போன தாத்தா, இவற்றையும் எடுங்கள். தினம் எடுக்க வேண்டியதில்லை. படம் எடுப்பதற்காகப் படிப்பதாக ஆகிவிட்டால் பிள்ளைகள் விலகிவிடுவார்கள்.

வீட்டுக்கு வெளியே எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்களையும், தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளையும், ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி வரும் படகர்களையும் பார்த்தவுடன் கேமராவைத் தூக்குவது புதிதாக வருகிறவர்களின் வழக்கம். மந்துக்குள் கேட்காமல் நுழையவே கூடாது. வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசுங்கள்.

கேமராவுக்கும் பூசணம் பிடிக்கும்

லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி கிளை விட்டால் அது பூசணம். கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. கேமராவைத் தோல் பையிலோ துணிப் பையிலோ மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு, இன்னொரு சின்ன ஈரமானியும் வைத்து மூடுங்கள். 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் சரி. ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்துப் பச்சையானதும், சமையலுக்குப் பயன்படாத ஒரு தட்டில் கொட்டி மிதமான சூட்டில் வறட்டி எடுத்தால் பழைய நிறத்துக்கு வரும். அவ்வப்போது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

வெளியே குளிரில் எடுத்துவிட்டு நேராக அடுப்படிக்குள் வந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பம்

செல்போனில் உள்ள படங்களை வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்துக் கொஞ்சமாவது பிரிண்ட் போடுங்கள். பின்னால் பென்சிலால் தேதி, பெயர், கையில் இருந்த புத்தகம் எழுதுங்கள். பசை பூசிய தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பம் வாங்காதீர்கள், அந்தப் பசை படத்தை மஞ்சளாக்கும். மூலைகளைச் செருகும் ஆல்பம் நல்லது. டிஜிட்டல் பிரதி ஒன்றை மலைக்குக் கீழே இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

வருடத்தில் மூன்று முறை எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். மே மாதம் மழைக்கு முன்னால் ஒன்று. ஆயுத பூஜைக்கு எப்படியும் புத்தகங்களை இறக்கி அடுக்குவோம், அது இரண்டு மழைக்கும் நடுவில் வருவது நமக்கு வசதி. மூன்றாவது, தை பிறந்து வெயில் நிலைத்த பிறகு. அப்போது சுவரில் மாட்டிய படங்களையும் கழற்றிப் பாருங்கள். பழைய பிலிம் படங்களின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரத்தில் அது இளகிச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஏற்கனவே ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.